ஒளிர்வு அன்று, மோதுசெறிவு!

(தென்சென்னையில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



அணுவின் உள்ளமைப்பை உலகிற்கு உணர்த்திய நீல்சு போர் 1960 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூரில் அல்லாடி இராமகிருட்டிணன் தம் இல்லத்திலேயே நடத்திவந்த இயற்பியல் ஆய்வரங்கிற்கும் வந்து, அங்கிருந்த இளைஞர்களைக் கண்டார். அவ்வரங்கின் விளைவாக 1962 இல் தோன்றியதே, இன்று தரமணியில் நிலைபெற்றுள்ள கணித அறிவியல் நிறுவனம். அதன் அண்மையில், அடையாற்றுப் பகுதியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியலாரும், செனீவா நகரருகே செர்ன் நிறுவனம் நிலத்தடியில் அமைத்துள்ள 27 கி.மீ. சுற்றளவுள்ள மோதுபொறியின் சி.எம்.எசு. ஆய்வில் பங்குகொண்டு உழைக்கின்றனர்.

தென்சென்னை மண்ணுக்கு இத்துணை நெருங்கிய அவ்வறிவைத் தமிழில் தேடும் மாணவனுக்குக் கிடைப்பது என்ன? ஆங்கிலத்தார் 'லூமினாசிட்டி' என்பதை அகரமுதலியில் தேடினால் 'ஒளிர்வு' என்றிருக்கும். விண்மீனுக்கு அச்சொல் பொருந்தும், மோதுபொறிக்குப் பொருந்தாது. அங்கு அளக்கப்படுவது ஒளியே அன்று!

பொருளை உணரச் செனீவா செல்ல வேண்டா. தியாகராய நகரின் அரங்கநாதன் தெருவுக்குச் சென்றால் போதும். மாம்பலம் தொடர்வண்டி நிலையத்திலிருந்து ஒரு கூட்டம்; உசுமான் சாலையிலிருந்து எதிர்க்கூட்டம். ஒரு நொடியில் எத்தனை தோள்கள் முட்டும்? ஆள் பெருகினால் முட்டல் பெருகும். தெரு குறுகினாலும் பெருகும். எதிர்வரும் இரு கூட்டங்களின் அந்நெருக்கத்தின் அளவே அவ்வாங்கிலச் சொல்லின் பொருள். அதனை 'மோதுசெறிவு' என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவையில்லை.

பொறியில் மக்களுக்கு மாற்றாகப் புரோட்டான்கள். கொத்து ஒன்றுக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல். ஒவ்வொரு கொத்தும் நொடிக்கு 11,245 முறை வளையத்தைச் சுற்றும். மோதுமிடத்தில் கற்றை மயிரிழையினும் மெலியது. ஒரு செ.மீ. சதுரப் பரப்பில், ஒரு நொடிக்கு, ஒன்றை அடுத்து 34 சுழிகள்: இதுவே வடிவமைப்பில் வகுத்த மோதுசெறிவு.

இதனை ஏன் அளக்க வேண்டும்? இக்சுத் துகள் கண்டறியப்பட்டதை 2012 சூலை 4 ஆம் நாள் அறிவித்தனர். ஆயின், ஒரு துகள் எத்தனை முறை தோன்றிற்று என்னும் எண் தனித்து நின்றால் பொருளற்றது. இயற்கை அத்தனை முறை ஈன்றதா, கூட்டம் மிகுந்ததால் அத்தனை முறை தோன்றிற்றா? மோதுசெறிவால் வகுத்தாலன்றி விடையில்லை. அளவு நூற்றுக்கு ஐந்து பிழைத்தால் முடிவும் நூற்றுக்கு ஐந்து பிழைக்கும்.

அளக்கும் உணர்கருவிகள் எளிய நெறியில் அமைந்தவை. சி.எம்.எசு. ஆய்வில், மோதுமிடத்தினின்று ஏறத்தாழ 1.75 மீட்டர் தொலைவில், இருபுறமும் பக்கத்திற்கு எட்டாகப் பதினாறு சிறு நோக்கிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று சிலிக்கன் தகடுகள். மூன்றும் ஒருங்கே உணர்ந்தால்தான் துகள் கணக்கில் ஏறும்; வழிதவறி வந்தவை பெரிதும் விலக்கப்படும். பல துகள்கள் ஒருங்கே பாய்ந்தால் எண்ணிக்கை தடுமாறும் அன்றோ? அதற்கும் வழி கண்டனர். ஒன்றுமே பதியாத கடப்புகளை எண்ணி, அவ்வெறுமையின் பங்கினின்று நெருக்கத்தைக் கணித்தனர்!

கருவிக்கும் அளவுகோல் வேண்டும். அதனை 1968 இல் தந்தவர் சிமோன் வான் தெர் மீர். ஒரு கூட்டத்தை இடச்சுவரோரம் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். முட்டல் குறைந்து குறைந்து இல்லாதாகும். எவ்வளவு நகர்த்தினால் எவ்வளவு குறைகின்றது என்பதே கூட்டத்தின் அகலத்தைக் காட்டிவிடும். கற்றைகளையும் இவ்வாறே நகர்த்தி அளந்து, 2016 ஆம் ஆண்டுத் தரவில் பிழையை நூற்றுக்கு 1.2 அளவிற்குச் சுருக்கினர் சி.எம்.எசு. ஆய்வாளர்.

இன்னும் ஒன்று. இத்துறையில் அணுக்கருவின் மோதுபரப்பை அளக்கும் அலகின் பெயர் 'பார்ன்'. 1942 இல் அமெரிக்காவின் பர்தியூ பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் இட்ட பெயர். அதன் பொருள் யாது? உழவரின் கொட்டில்! அணுக்கருவின் அளவுக்கு அது கொட்டில்போற் பெரிதாம். தம் ஊர்க் கொட்டிலை உலக அறிவியலின் அலகாக்க ஆங்கிலத்தார் நாணவில்லை. களமும் குதிரும் பத்தாயமும் உடைய தமிழர் மட்டும் தம் சொல்லை எடுத்தாள நாணுவதேன்?

சொல் பிழைத்தால் பொருள் பிழைக்கும். பொருள் பிழைத்தால் மாணவன் பிழையைக் கற்பான். கருவியை நூற்றுக்கு ஒன்றளவு பிழையும் பொறாது செப்பஞ்செய்யும் அறிஞர்க்கு, சொல்லையும் அவ்வாறே செப்பஞ்செய்தல் அரிதன்று. கற்றோர் பொருளுணர்ந்து ஆக்குக. ஆசிரியர் வகுப்பில் ஆள்க. மாணவர் தமிழில் வினவுக. அந்நாளில், அரங்கநாதன் தெருவில் தோள் உரசி நடக்கும் இளைஞனுக்கும் செனீவாவின் பொறி அயலானதாய் இராது.

வெல்க தமிழ்!