சீர் வேண்டாம், போனஸ் வேண்டும்!

(மில் வாயில் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீபாவளி வருகிறது. தலைத் தீபாவளிக்கு மாமனார் மோதிரம் போடுவாரா என்பதே வீட்டுக்கு வீடு பேச்சு. சீர் குறைந்தால் மருமகன் முகம் கொடுப்பதில்லை. மாமியார் குத்திப் பேசுகிறாள். அந்தப் பெண் அடுப்படியில் அழுகிறாள்.

அந்த மாமனார் யார்? நம்மைப் போன்ற கூலிக்காரர். 20,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு 5 வட்டிக்கு வாங்கினால், வருஷத்தில் வட்டி மட்டும் 12,000 ரூபாய்! வயல் வேலைக்காரருக்குப் போனஸும் கிடையாது. எதைக் கொண்டு அடைப்பார்?

வேடிக்கையைப் பாருங்கள். போனஸை முதலாளி இனாம் என்கிறான். அது கொடுபடாத கூலி. தொழிலாளர் போராடித்தான் 1965-இல் போனஸ் சட்டம் வந்தது. சட்டம் சொல்லும் 8.33 சதவீதம், பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த உரிமையைக் கைகட்டி வாங்குகிறோம். அன்பாய்த் தரவேண்டிய சீரையோ அதட்டிக் கேட்கிறோம்! வரதட்சிணை கேட்பது 1961-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம்.

வாலிபத் தோழர்களே! மாமனார் கொடுக்கும் ஒரு வேட்டியைச் சந்தோஷமாகக் கட்டிக்கொள்ளுங்கள். முறைப்பதை மில் வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே! மருமகளும் நம் வர்க்கம்தான். அவளையும் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்!