தைரியமா இருந்தா போதுமா?

நான் ராஜபாளையம் பக்கம் சோழபுரத்திலிருந்து வந்திருக்கேன்.

மனப் பயம் தீரத் தேவை மன தைரியமா, மருத்துவமா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் பிரமாதமா ஒரு வசனம் சொன்னார். 'பயம்ங்கிறது வெறும் நினைப்பு. நினைப்பை மாத்தினா பயம் ஓடிப்போயிடும்'னார். நீங்களும் கைதட்டினீங்க. ஐயா, இதே வசனத்தை எங்க வீட்டுல நான் ரெண்டு வருஷம் தினமும் சொன்னேன். பயம் ஓடலை. எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறதுதான் நின்னுபோச்சு.

அவர்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் இதைச் சொல்றேன். மில்லில் வேலை. ராத்திரி ஷிப்டுக்குக்கூட பாட்டுப் பாடிக்கிட்டே போற மனுஷன். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் நின்னுகிட்டு வரும்போது திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கு. கை விரலெல்லாம் மரத்துப் போச்சு. மூச்சு முட்டுது. 'செத்துருவேன், பஸ்ஸை நிறுத்துங்க'ன்னு கத்தி இறங்கிட்டார். அலறியடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்தாங்க. 'இதயம் நல்லா இருக்கு, ஒண்ணுமில்லை'ன்னாங்க. அடுத்த மாசம் மறுபடியும் அப்படியே. மறுபடியும் ஈ.சி.ஜி., மறுபடியும் 'ஒண்ணுமில்லை'. மூணாவது தடவை வெளியே வரும்போது அவர் என்னைக் கேட்டார்: 'ஒண்ணுமில்லைன்னா நான் ஏன்டி சாகுறேன்?'

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. அதனால நாம எல்லாரும் சொல்றதை நானும் சொன்னேன். 'ஆம்பளை நீங்க பயப்படலாமா? தைரியமா இருங்க.'

நடுவர் அவர்களே, நம்ம தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொன்னார். அதில் அச்சமும் ஒண்ணு. மெய்ப்பாடுன்னா என்ன? மெய்யில, அதாவது உடம்புல தெரியறது. பயம் வெறும் நினைப்பு இல்லை, உடம்புல நடக்கிற சங்கதின்னு அந்தக் காலத்துலேயே தெரிஞ்சிருக்கு. அந்த அச்சம் தெய்வத்தால, விலங்கால, கள்வரால, அரசனால வரும்னு நாலு காரணமும் சொன்னார். சரி, இந்த நாலு பேர்ல ஒருத்தர்கூட அன்னிக்கு அந்த டவுன் பஸ்ஸில் ஏறலையே! (சிரிப்பு)

எங்க ராஜபாளையம் நாயைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். திருடன் வந்தா குரைக்கிற நாய் நல்ல நாய். அதே நாய் இலை விழுந்தாலும், காத்து அடிச்சாலும் விடிய விடியக் குரைச்சா? நாய் கெட்ட நாய் இல்லை. காவல் கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான். மூளைக்குள்ள பாதாம் பருப்பு அளவுல அமிக்டலான்னு ஒரு பகுதி இருக்கு. ஆபத்து வந்தா முதல்ல சத்தம் போடுறதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. அது சத்தம் போட்டதும் ரத்தத்துல அட்ரினலின் பாயுது. நெஞ்சு அடிக்குது. மூச்சு வேகமாகுது. ரொம்ப வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கரியமில வாயு குறையும், அப்ப விரல் மரக்கும், தலை சுத்தும். எங்க வீட்டுக்காரருக்கு நடந்தது இதுதான். நடிப்பு இல்லை, கற்பனை இல்லை. பெரும்பாலும் பத்து நிமிஷத்துல உச்சிக்குப் போய் அப்புறம் தானா இறங்கும். ஆனா அந்தப் பத்து நிமிஷத்துல மனுஷன் செத்துப் பிழைக்கிறான். இப்ப சொல்லுங்க, குரைக்கிற நாய்கிட்ட போய் 'தைரியமா இரு'ன்னா அது கேட்குமா? (கைதட்டல்)

இது ஒரு வகை. ஆறு மாசத்துக்கு மேல எதுக்கெடுத்தாலும் கவலை, தூக்கமில்லை, கழுத்து வலின்னு இருக்கிறது இன்னொரு வகை. நாலு பேர் முன்னால பேசவே முடியாம கூனிக்குறுகிப் போறதும் உண்டு. பெயர்கள் வேற வேற, வேர் ஒண்ணுதான்.

நாங்க என்ன செஞ்சோம்? மாமியார் 'செய்வினையா இருக்கும்'னாங்க. தாயத்து கட்டினோம். இருக்கன்குடி போய் ஆத்தாகிட்ட அழுதேன். அதை நான் தப்புன்னு சொல்லமாட்டேன், அழுததுல என் பாரம் குறைஞ்சது. ஆனா அவர் பஸ் ஏறலை. எங்க மதினிதான் முதல்ல சொன்னா, 'மனநல டாக்டரைப் பாருங்களேன்'னு. நான் அவளோட சண்டைக்குப் போனேன். 'என் புருஷன் என்ன கோட்டியா?'ன்னு கேட்டேன். ஆறு மாசம் பேசலை. எங்க பக்கத்துல கோட்டின்னா பைத்தியம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து ஆறு மாசத்தைத் தொலைச்சேன்.

நான் மட்டும் இல்லை. 2015–16ல பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடும் சேர்த்து 12 மாநிலங்கள்ல ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்துச்சு. பதற்றம், மனச்சோர்வு மாதிரி பரவலான மனநோய் இருக்கிறவங்கள்ல 100-க்குச் சுமார் 85 பேருக்கு சிகிச்சை கிடைக்கலைன்னு அதுல தெரிஞ்சது. எங்க பக்கத்துல சத்திரப்பட்டின்னு ஒரு ஊர். ஆஸ்பத்திரிகளுக்குக் காயத்துக்குக் கட்டுற துணி நெய்து அனுப்புற ஊர். ஊர் ஊரா காயத்துக்குத் துணி அனுப்புற நாம, வீட்டுக்குள்ள இருக்கிற காயத்தைத் துணி போட்டு மறைக்கிறோம்.

மறைச்சா எங்க கொண்டுபோய் விடும்னு ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி நமக்குக் காட்டுச்சு. 2001 ஆகஸ்ட் 6. கொட்டகையில தீ. சங்கிலியில கட்டி வச்சிருந்த மனநோயாளிகள் ஓட முடியலை. 28 பேர் போயிட்டாங்க. அவங்க நோய் வேற, எங்க வீட்டுக்காரர் நோய் வேற. ஆனா 'வெளியே தெரிஞ்சா அசிங்கம்'ங்கிற நினைப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான். இன்னிக்கு 2017-ம் வருஷத்து மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில கட்டக்கூடாது. அரசு மருத்துவமனையில மனநல சிகிச்சை பெறுவது உங்க உரிமை.

கடைசியில அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குத்தான் போனோம். டாக்டர் அம்மா முதல்ல என்ன செஞ்சாங்க தெரியுமா? தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வருமாம். அது சரியா இருந்தது. அப்புறம் கேட்டாங்க, 'வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா?' இவர் தலையைக் குனிஞ்சார். தெரிஞ்ச ஒருத்தர் கொடுத்தாருன்னு அல்ப்ரசோலம் மாத்திரையை நாலு மாசமா எனக்குத் தெரியாம போட்டுக்கிட்டு இருந்திருக்கார்! போட்ட கொஞ்ச நேரத்துல படபடப்பு அடங்கும், சரிதான். ஆனா அது ஆளைப் பிடிச்சுக்கும். திடீர்னு விட்டாலும் ஆபத்து. அதை டாக்டர் அம்மா கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தவே ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.

கூடவே எஸ்சிடலோபிராம்னு ஒரு மாத்திரை. இது உடனே கேட்காது. சில வாரம் ஆகும். முதல் சில நாள் பதற்றம் கூடின மாதிரிகூட இருக்கும்னு முன்கூட்டியே சொன்னாங்க. சொன்னது நல்லதாப் போச்சு, இல்லைன்னா நாலாவது நாளே மாத்திரையை வாய்க்கால்ல எறிஞ்சிருப்பேன். இது போதை மாத்திரை இல்லை. ஆனா குணமாயிருச்சுன்னு நாமளா நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்கணும்.

எதிரணி நண்பர்களே, இனிமேதான் உங்க தைரியம் வருது. நான் அதை மறுக்கலை. ஆனா அதையும் மருந்து மாதிரி அளந்து கொடுக்கணும். மாத்திரையோட ஒரு ஆலோசகரும் பார்த்தார். ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். முதல் வாரம் பஸ் ஸ்டாப்புல பத்து நிமிஷம் சும்மா நிக்கணும். பயம் பத்துக்கு எத்தனைன்னு எழுதணும். ஓடிவரக் கூடாது, பயம் தானா இறங்குற வரைக்கும் நிக்கணும். அடுத்து ஒரு ஸ்டாப். அப்புறம் ராஜபாளையம் வரைக்கும். அந்த நோட்டு இன்னும் எங்க பீரோவுல இருக்கு. முதல் பக்கத்துல 9, 9, 8-ன்னு இருக்கும். பிற்பாடு 5, 4. ஒருநாள் 3, அடுத்த நாளே மறுபடி 8. அதுக்கும் மனசு விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தார்.

அப்புறம் அந்த ஆலோசகர் என் பக்கம் திரும்பினார். 'அம்மா, நீங்க கூடப் போகாதீங்க'ன்னார். எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ரெண்டு வருஷமா இவர் கையைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சவ நான். 'ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது'ன்னு நாளைக்கு இருபது தடவை சொன்னவ. அந்த ஆறுதலே அவருக்கு ஊன்றுகோல் ஆயிருச்சாம். கோலை எடுத்தாத்தான் கால் நடக்குமாம். முதல் தடவை அவர் தனியா பஸ் ஏறினப்போ நான் வாசல்ல நின்ன நிலை இருக்கே, அன்னிக்கு யாருக்கு டாக்டர் தேவைப்பட்டதுன்னு தெரியலை! (சிரிப்பு, கைதட்டல்)

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு வர்ற கூட்டம் உங்களுக்குத் தெரியும். சிகிச்சை தொடங்கினதுக்கு அடுத்த வருஷம் அந்தக் கூட்டத்துக்கு அவரே 'போவோமா'ன்னு கேட்டார். போனோம். ரத வீதியில ஒரு இடத்துல நெரிசல். அவருக்கு வேர்த்துச்சு. நான் வாயைத் திறக்கலை. அவரே ஒரு சுவரோரம் நின்னு மெதுவா மூச்சை விட்டார். கொஞ்ச நேரத்துல 'வா, தேர் திரும்புது'ன்னார். வரும்போது மதினி வீட்டுக்குப் பால்கோவா வாங்கிட்டுப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுல இருந்து பார்க்கிறவங்களுக்கு ஒரு நம்பர் சொல்லிடறேன், எழுதிக்கோங்க. 14416. மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச டெலி மானஸ் சேவை. காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லேயே பேசலாம்.

நடுவர் மணி அடிக்கப் போறார். அதுக்குள்ள ஒண்ணு. எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு இங்கேதான் இருக்கார். நான் வேன்ல வந்தேன், அவர் டூட்டி முடிஞ்சு தனியா பஸ்ஸில் வந்தார். மூணாவது வரிசையில, வாசலுக்குப் பக்கத்துல, ஓரத்து சீட். அந்த ஓரத்து சீட் அவருக்கு இன்னும் வேணும். இருந்துட்டுப் போகட்டும்.

(பலத்த கைதட்டல்)