ஓடைக் கரையும் நம்ம ஆடுகளும்

(பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)

கடன் தவணையை அப்புறம் பார்க்கலாம். இன்னைக்கு நம்ம ஓடையைப் பற்றிப் பேசியே ஆகணும்.

வேலூர் மாவட்டத்து நாகநதி பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல வருஷமா வெறும் மணலாகக் கிடந்த ஆறு. 2014 முதல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் சுமார் 20,000 பெண்கள் அதில் பாடுபட்டார்கள். மலைச்சரிவு ஓடைகளில் கல் அடுக்கித் தண்ணீர் வேகத்தைக் குறைத்தார்கள். சிமெண்ட் உறை இறக்கி, மழைநீர் பூமிக்குள் போகக் கிணறுகள் அமைத்தார்கள். சுற்றுவட்டார விவசாயக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது.

நம்ம ஓடைக்குக் கல் மட்டும் போதாது. கரையைப் பாருங்கள். ஆடும் மாடும் தினமும் ஏறி இறங்கி மண் இறுகிப் போச்சு. இறுகின மண்ணில் மழை இறங்காது, வழிந்து ஓடும். புல் இல்லாத கரை சரிந்து ஓடையையே தூர்த்துவிடும். சீமைக் கருவேலங்காயைத் தின்ற ஆடு, புழுக்கையோடு விதையையும் போட்டுவிட்டுப் போகுது. நாம வெட்ட வெட்ட முளைக்கிறது இதனாலும்தான். நத்தை உள்ள சேற்று ஓரத்தில் மேய்கிற ஆட்டுக்கு ஈரல் புழு வேற வரும். அந்த மருந்துச் செலவு யார் தலையில்?

"அப்போ ஆட்டை எங்கே மேய்க்கிறது?" என்று போன கூட்டத்தில் சில அக்காமார் கேட்டாங்க. நியாயமான கேள்வி. நம்மில் பலர் ஆட்டுக்கடன் வாங்கியிருக்கிறோம். நிலமில்லாதவர்களுக்கு அந்தக் கரைதான் மேய்ச்சல். அவர்கள் வயிற்றில் அடித்து ஓடையைக் காப்பாற்ற நமக்கு மனசில்லை.

அதனால் ஒரு பக்கக் கரையை மட்டும், இரண்டு மழைக்காலத்துக்கு மேய்ச்சல் இல்லாமல் விடலாம் என்கிறோம். ஆடுமாடு தண்ணீர் குடிக்க எதிர்க்கரையில் கல் பாவிய ஒரே இறக்கம். மூடின கரையில் வளருகிற புல்லை அறுத்துக்கொண்டு போகலாம். அதில் முதல் உரிமை நிலமில்லாத உறுப்பினர்களுக்கு. இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

வேலிக்கு நொச்சி போதும். ஆடு வாய் வைக்காது, போத்து ஊன்றினாலே பிடிச்சுக்கும். சரிவில் வெட்டிவேர், அதன் வேர் ஆழமா இறங்கி மண்ணைப் பிடிக்கும். மேலே பனங்கொட்டை. பலன் வர 15 வருஷம் ஆகலாம், பேரப்பிள்ளைகள் நுங்கு தின்னட்டும்.

ஓடை புறம்போக்கு என்பதால் நாமாகத் தொடங்க முடியாது. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைக்கிறோம், எல்லோரும் வந்து கையெழுத்துப் போடுங்கள். நொச்சி உள்ள வீட்டுக்காரர்கள் உங்கள் குழு ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள்.