பாம்பு பிடிக்கிற கைக்கு ஸ்டெதாஸ்கோப் கிடைக்காதா?

மாடம்பாக்கம் தெருமுனைக் கூட்டத்தில் நம் ஐ.டி. அணித் தன்னார்வலர் ஆற்றிய உரை. நேரில் வர முடியாத சொந்தங்களுக்காக முழுமையாக இங்கே.

 

முதல்ல ஒரு கேள்வி. பாம்பு கடிச்சா எங்க ஓடுவீங்க? அரசு மருத்துவமனைக்கு. அங்க ஒரு ஊசி போடுவாங்க. அந்த மருந்துக்கு மூலப்பொருள் பாம்போட விஷம்தான். அந்த விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது யாரு?

மாடம்பாக்கத்துல இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியா ஈ.சி.ஆர். போனா வடநெம்மேலி வரும். அங்க 1978-ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடிச்சு, விஷம் எடுத்து, மறுபடியும் காட்டுல விடுறாங்க. அந்த விஷம் இந்தியா முழுக்க மருந்து கம்பெனிகளுக்குப் போகுது. 2017-ல அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கப் போனவங்க வடிவேல் கோபால், மாசி சடையன். 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. பெருமைதான், நாமளும் ஷேர் பண்ணோம்.

ஆனா ஒண்ணு யோசிங்க. ஊரையே காப்பாத்துற மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிற இந்தச் சமூகத்துல இருந்து வந்த ஒரு டாக்டர்கிட்ட நீங்க எப்பவாவது ஊசி போட்டிருக்கீங்களா? ஒரு நர்ஸ்? நான் இதுவரைக்கும் பார்த்தது இல்லை.

"இடஒதுக்கீடு இருக்கே, படிச்சா வந்துடலாமே"ன்னு கமெண்ட்ல சொல்லுவாங்க. சரி, கணக்கைப் பார்த்துடுவோம்.

எம்.பி.பி.எஸ். போக ஒரு பழங்குடி மாணவருக்கு மூணு கதவு இருக்கு. ஒண்ணு, மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீட்டுக்குள்ள பழங்குடியினருக்கான 1 சதவீதம். 1990 வரைக்கும் அதுகூடத் தனியா இல்லை, பட்டியல் சாதியோட சேர்ந்து 18-க்குள்ளதான் இருந்தது. ரெண்டு, அகில இந்திய ஒதுக்கீட்டுல பழங்குடியினருக்கு 7.5 சதவீதம். மூணு, 2020-ல சட்டமான அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம். ரெண்டும் 7.5-ங்கிறதால நம்ம ஆளுங்களே வாட்ஸ்அப்ல குழப்பிக்கிறாங்க. அது வேற, இது வேற.

அரசுப் பள்ளி ஒதுக்கீடு நல்ல திட்டம். எந்த ஆட்சி கொண்டுவந்தா என்ன, நல்லதை நல்லதுன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி நீட் வழியா அரசுப் பள்ளியில இருந்து மருத்துவம் போனவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். முதல் வருஷமே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து 405 இடம் கிடைச்சது. ஆனா அதுக்குள்ளயும் அதே இனச்சுழற்சிதான். 405-ல ஒரு சதவீதம் எவ்வளவு? நாலு.

அந்த நாலு இடத்துக்கு எத்தனை சமூகம்? தமிழ்நாட்டுப் பட்டியல்ல 36 பழங்குடிகள், 2023-ல நரிக்குறவரும் சேர்ந்தாங்க. இதுல தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேரையும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள்னு அரசாங்கமே தனியா வெச்சிருக்கு. ஆனா சீட் கொடுக்கும்போது எல்லாரும் ஒரே வரிசை. மூணு தலைமுறை படிச்ச வீடும், முதல்முறை பத்தாவது தாண்டின வீடும் ஒண்ணா நிக்கணும்.

அதுக்கும் மேல நீட். பழங்குடியினருக்குத் தகுதி 40 பர்சன்டைல்தான். ஆனா தகுதி பெற்றா மட்டும் சீட் கிடைக்காது. கோச்சிங்குக்கு லட்சத்துல கட்டிட்டு ரெண்டாவது, மூணாவது தடவை எழுதுறவங்களோட போட்டி போடணும். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோட போய், நடுவுல ரெண்டு வருஷம் படிப்பே விட்டுப்போன பிள்ளை என்ன பண்ணும்? அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுக்கு ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சதைக் காட்டணும். நடுவுல அறுந்துபோன படிப்பை எந்தப் பேப்பர்ல காட்டுறது?

இதுக்கெல்லாம் முன்னாடியே ஒரு சுவர் இருக்கு. அதை நான் நேர்ல பார்த்தேன்.

போன வருஷம் நம்ம பக்கத்து இருளர் குடியிருப்புல ஒரு தங்கச்சிக்கு நர்சிங் விண்ணப்பம் போட லேப்டாப் எடுத்துக்கிட்டுப் போனேன். பிளஸ் டூல உயிரியல் எடுத்து நல்ல மார்க். எல்லாம் டைப் பண்ணிட்டேன். சாதிச் சான்றிதழ் அப்லோடு பண்ணுங்கன்னு வந்தது. அது இல்லை. பழங்குடிச் சான்றிதழை 1989 நவம்பருக்கு அப்புறம் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் விசாரிச்சுத் தரணும். போனோம். அப்பாவோட சான்றிதழ் கேட்டாங்க. அப்பா பள்ளிக்கூடமே போனதில்லை. பட்டா கேட்டாங்க. வீடே புறம்போக்குல. "எலி பிடிக்கத் தெரியுமா"ன்னு ஒருத்தர் கேட்டார். அந்தப் பொண்ணு தலை குனிஞ்சுடுச்சு. அவங்க அம்மா மட்டும் கேட்டாங்க: "எங்களைப் பார்த்தா தெரியலையா சார்?"

தேதி முடிஞ்சுபோச்சு. ஒரு வருஷம் போச்சு.

நான் இன்ஜினியரிங் கவுன்சலிங் போனப்போ எங்கப்பா பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் என் கஷ்டம். அந்த ஃபைல்தான் என் மெரிட்ல பாதின்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

மத்த நாடுகள் என்ன பண்ணாங்க? ஆஸ்திரேலியாவுல முதல் பழங்குடி டாக்டர் பட்டம் வாங்கினதே 1983-ல. அங்க நியூகாசில் பல்கலைக்கழகம் 1985-ல பழங்குடி மாணவர்களுக்குத் தனி நுழைவு வழி திறந்தது. நியூசிலாந்துல ஆக்லாந்து பல்கலைக்கழகம் 1972-லயே மாவோரி மாணவர்களுக்கும் பசிபிக் தீவு மாணவர்களுக்கும் மருத்துவத்துல தனி வழி வெச்சது. அவங்க சீட்டை மட்டும் ஒதுக்கிட்டு நிக்கலை. அறிவியல் அடித்தளம் போட ஒரு வருஷப் படிப்பு, நேர்காணல், உள்ள வந்த பிறகும் தனி டுடோரியல். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க. நம்மகிட்ட சீட் இருக்கு, அதுக்குப் போற வழிதான் இல்லை.

"நீட் இருக்கிறவரைக்கும் என்ன பண்ண முடியும்?" நீட் விலக்கு மசோதாவை 2021-லயும் 2022-லயும் சட்டமன்றம் நிறைவேற்றுச்சு. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரலைன்னு 2025 ஏப்ரல்ல சொல்லிட்டாங்க. அந்தப் போராட்டம் தொடரும். ஆனா அது முடியுறவரைக்கும் இந்தப் பிள்ளைங்க காத்திருக்க முடியாது. டெல்லியைக் கேட்காம மாநிலமே செய்யக்கூடியது மூணு இருக்கு.

ஒண்ணு, சான்றிதழ். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போதே அதிகாரிகள் குடியிருப்புக்கே வந்து முகாம் போட்டுத் தரணும்.

ரெண்டு, பிளஸ் டூ முடிச்ச பழங்குடி மாணவர்களுக்கு அரசு செலவுல, தங்கிப் படிக்கிற ஒரு வருஷ அடித்தளப் படிப்பு. மாசம் உதவித்தொகையோட. வீட்டுல ஒரு சம்பளம் குறைஞ்சா அந்தப் பிள்ளையைப் படிக்க அனுப்ப மாட்டாங்க.

மூணு, அந்த ஆறு சமூகங்களுக்கு உள் ஒதுக்கீடு. நர்சிங் பட்டப்படிப்புக்கு இங்க பிளஸ் டூ மார்க்தான், அதுல இருந்தே ஆரம்பிக்கலாம். அருந்ததியருக்கு 2009-ல 3 சதவீதம் கொடுத்த மாநிலம் இது. பட்டியல் சாதிக்குள்ள உள் ஒதுக்கீடு செல்லும்னு 2024 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிடுச்சு. அதே நியாயம் பழங்குடிக்குள்ள மட்டும் எப்படி இல்லாமப் போகும்?

கடைசியா நம்ம வேலை. ஜெய்பீம் பார்த்து அழுதோம், டி.பி. மாத்தினோம். ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தோமா? இந்த ஞாயிற்றுக்கிழமையில இருந்து லேப்டாப் வெச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு குடியிருப்பை எடுத்துக்கோங்க. எட்டாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் யார் யார் படிக்கிறாங்க, யாருக்குச் சான்றிதழ் இல்லைன்னு ஒரு பட்டியல். அதை நம்ம அணி கோட்டாட்சியர் அலுவலகத்துல மனுவாக் கொடுக்கும், சான்றிதழ் கைக்கு வர்ற வரைக்கும் பின்னாடியே அலையும். தெருவுல போஸ்டர் ஒட்டுற உழைப்புல பாதி போதும்.

அந்தத் தங்கச்சிக்கு இந்த வருஷம் சான்றிதழ் வந்துடுச்சு. விண்ணப்பம் போட்டாச்சு. ரேங்க் லிஸ்ட்டுக்காகக் காத்துக்கிட்டு இருக்கோம். நாளைக்கு நம்ம ஊர்ல யாரையாவது பாம்பு கடிச்சா, ஊசி போடுறது அந்தக் கையா இருக்கணும்.



#சீட்இருக்கு_வழிஎங்கே #பழங்குடிகல்விஉரிமை #மாடம்பாக்கம்