கேட்டறிந்து செய்வோம்
(கடுகண்ணாவையில், சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இளைஞர்க்கெனப் பாலியல், இனப்பெருக்கச் சுகாதாரத் திட்டம் வகுப்போர், அவ்விளைஞரிடமே கேட்டறிந்து வகுத்தல் வேண்டும் என்பதே நாம் கூற வந்தது. மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு என்று இதனை அழைப்பர். பெயர் புதிது, பொருள் எளிது. நமது கணவாயில் வீதி அமைத்தோரும் மலையின் வளைவறிந்தே அமைத்தனர் அன்றோ?

ஆயின், கேட்டறிதல் எளிதன்று. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் அவர்களின் வரலாறே இதற்குச் சான்று. மனைவி மாதவிடாய்க்குப் பழந்துணி பயன்படுத்துவதை 1998ஆம் ஆண்டளவில் அவர் கண்டார். கடைத் துவாய் வாங்கினால் பாற்செலவுக்குப் பணம் மிஞ்சாது என்றார் அம்மையார். மலிவான துவாயைத் தாமே செய்ய முனைந்தார் முருகானந்தம். அது பயன்பட்டதா எனக் கேட்டால், வீட்டுப் பெண்களே வாய்திறக்கக் கூசினர். மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் வினாத்தாள் கொடுத்தார். சிலரே அமர்ந்து எல்லோருக்குமாக விடை நிரப்புவதைக் கண்டார். ஈற்றில், ஆட்டிரத்தம் நிரப்பிய பையை உடலிற் கட்டி, தாமே துவாய் அணிந்து சோதித்தார். ஊரார் நகைத்தனர், மனைவியும் சில காலம் பிரிந்திருந்தார். மரக்கூழே உரிய பொருள் என்றறிந்து, கிராமப் பெண்களே துவாய் செய்து விற்கத்தக்க சிறு இயந்திரம் அமைத்தார். 2016இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

வினாத்தாள் நிரம்பிவிட்டால் உண்மை வெளிவந்ததாகாது. கூச்சம் நீங்கும் வழியையும் திட்டமே தரவேண்டும். ஆபிரிக்காவின் தன்சானியாவில், 15 முதல் 19 வயதுப் பெண்களிடம் கேட்டறிந்து அமைத்த "குவா ம்ஜாஞ்சா" என்னும் திட்டம், கருத்தடைப் பேச்சோடு தொடங்கவில்லை. எதிர்கால ஆசைகளையும் கைத்தொழிலையும் முதலிற் பேசி, பின்னரே உடல்நலம் பற்றித் தனிமையில் ஆலோசனை கூறியது.

நம்மிடையே நிலை யாது? பிள்ளை பெரியவளானால் ஊரழைத்துச் சாமத்தியச் சடங்கு நடத்துகிறோம். அடுத்த மாதம் முதல் அதைப்பற்றி வீட்டிற் பேச்சே இல்லை. ஆண்பிள்ளைக்கோ யாருமே எதுவும் சொல்வதில்லை. அவன் தெருவிற் கேட்டதையே உண்மையென நம்புகிறான். மாணவியர் துவாய் வாங்குவதற்கு 2024இல் அரசு வவுச்சர் வழங்கியது நன்றே. ஆனால், பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீர் உண்டா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, பயன்படுத்தியதைப் போட வாளி உண்டா என்பதை அந்த மாணவியே அறிவாள்.

ஆகவே, நமது சங்கம் அடுத்த சுகாதார வகுப்பை ஒழுங்கு செய்யுமுன், பெயரெழுதாத கேள்விகளுக்கென ஒரு பெட்டி வைப்போமாக. இருபாலாரும் எழுதட்டும். அக்கேள்விகளுக்கே வைத்தியரும் மருத்துவ மாதுவும் விடை கூறட்டும். சகோதரிகளின் வகுப்பைச் சகோதரிகளே நடத்தட்டும். பேசுவது நமக்கு இழுக்கன்று. அறியாமையால் ஒரு பிள்ளை துன்புறுவதே இழுக்கு.