வாசலில் நின்றோம்



சாலவாக்கத்துக்குப் பக்கத்து ஊரில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவரின் அடக்கத்துக்குப் போயிருந்தோம். உள்ளே போகத் தயங்கி, கோயில் வாசலிலேயே நின்றுவிட்டோம். அச்சபையின் ஆயர் எங்களைப் பார்த்து இறங்கி வந்தார். "அழுறதுக்குமா தனி இடம்? உள்ளே வாங்க" என்றார். வெட்கத்தோடு போனோம்.

பிறகு தேநீர் குடித்தபடி பேசினோம். அவர் பிரஸ்பிட்டேரியன் மரபில் வந்த குடும்பத்தவர். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நோயாளிகளைப் பார்க்கப் போவாராம். வீட்டு ஜெபத்தில் தூங்கி விழும் சின்ன மகளிடம்தான் பொறுமை கற்றாராம். அவர் 'ஜெபம்' என்றார். நாம் 'செபம்' என்கிறோம். கேட்கிற தந்தை ஒருவரே.

பிரஸ்பிட்டேரியன், ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் மரபினர் பலர் தம் வேறுபாடுகளைக் கடந்து 1947 செப்டம்பர் 27 அன்று ஒரே தென்னிந்தியத் திருச்சபையானார்கள். கிறிஸ்துவில் திருமுழுக்குப் பெற்ற அனைவரும் நம் சகோதரர்களே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் நமக்குக் கற்பித்தது.

ஒரே நற்கருணைப் பந்தியில் அமர நம்மால் இன்னும் இயலவில்லை. அது வலிதான். ஆனால் ஒரே துக்கத்தில் அமரத் தடை ஏது? எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதே பாடுபடுமுன் ஆண்டவர் செய்த மன்றாட்டு.

சனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். அந்நாள்களில் பிரிந்திருக்கும் ஓர் உறவினர் வீட்டுக்குப் போவோம், சேர்ந்து செபிப்போம். ஆமென்.