கையில் ஒரு வரைபடம் இருக்கட்டும்

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



2021 முதல் பொறியியல் சேர்க்கையிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. நம் பிள்ளைகள் கல்லூரிக்குள் போய்விடுகிறார்கள். போன பிறகு? பலருக்கு வீட்டிலும் தெருவிலும் பொறியாளர் என்று யாரும் இல்லை. என் பழைய மாணவன் ஒருவன் இரண்டாம் ஆண்டில் போன் செய்து, “சார், வழிகாட்ட ஆள் வேணும். யார்கிட்ட போய் என்னன்னு கேக்கறது?” என்றான். நான் தமிழாசிரியன். என்ன சொல்வேன்?

அப்போது ஜேம்ஸ் நாஸ்மித் நினைவுக்கு வந்தார். பிற்காலத்தில் நீராவிச் சுத்தியலை வடிவமைத்தவர். 1829-இல் அவருக்கு வயது 20. எடின்பரோவிலிருந்து லண்டன் வந்து, ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் சேர விரும்பினார். திருகு வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தியவர் மாட்ஸ்லி. ஆனால், பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சியாளர்களால் தொல்லைப்பட்டு, இனி யாரையும் சேர்ப்பதில்லை என்றிருந்தார். நாஸ்மித்தின் தந்தைக்கு அவரோடு சிறிது அறிமுகம் உண்டு. அதனால் உள்ளே விட்டார், பட்டறையைச் சுற்றிக் காட்டினார், அவ்வளவுதான். நாஸ்மித் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. தான் செய்த நீராவி இயந்திர மாதிரியையும் வரைபடங்களையும் பார்க்கச் சொன்னார். பார்த்த மாட்ஸ்லி, தன் சொந்த வேலைக்கூடத்திலேயே அவரை உதவியாளராக வைத்துக்கொண்டார். 1831-இல் மாட்ஸ்லி இறக்கும்வரை, இரண்டாண்டுகூட நிறையாத காலம், நாஸ்மித் அவர் பக்கத்திலேயே நின்று கற்றார்.

கதவைத் திறந்தது அறிமுகம். இடம் வாங்கித் தந்தது அந்த மாதிரி. முதலாவதை நாம் செய்யலாம். ஊர் லேத் பட்டறைக்காரர், ஐ.டி.ஐ. பயிற்றுநர், மின்வாரியப் பொறியாளர், நம் முன்னாள் மாணவர் என்று யாரையாவது நமக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவதைப் பிள்ளைதான் கொண்டுவர வேண்டும்.

“நீயா செஞ்சது ஏதாவது இருக்காப்பா?” என்று கேட்டேன். “பழைய மிக்ஸி மோட்டார்ல மரம் அறுக்கற மெஷின் ஒண்ணு செஞ்சேனே சார்” என்றான். எனக்கு நினைவிருந்தது. பத்தாம் வகுப்பில் அதைப் பள்ளிக்குத் தூக்கிவந்தான். “முதல்ல பரீட்சைக்குப் படி” என்று திருப்பி அனுப்பியது நான்தான். அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம்.

“ஞாபகத்திலிருந்து வரைந்து எடுத்துக்கிட்டுப் போ. எங்கே சிக்கினாயோ அதை மட்டும் கேள்” என்றேன். கல்லூரிப் பணிமனைப் பயிற்றுநரிடம் கொண்டுபோயிருக்கிறான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “பேரிங்கை ஏன் இந்தப் பக்கம் வச்சே?” என்று கேட்டாராம். இப்போது சனிக்கிழமைதோறும் அவரோடுதான் இருக்கிறான்.